கறிவேப்பிலைப் புழுவுக்கு நிறம் தீட்டியது யார்?

சேலத்தில் கொல்லையோ மாடித் தொட்டியோ இருக்கிற வீடு என்றால் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருக்கும். மழை பெய்து தளிர்விட்ட நாட்களில் அதன் இலைகளைக் கவனித்தால், ஏதோ குருவி எச்சமிட்டுப் போனதுபோல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு திட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சற்றுமுன்தான் விழுந்தது என்று நம்பவைக்கும் ஈரப் பளபளப்புகூட அதில் உண்டு. சமைக்கிறவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த இணுக்கைக் கிள்ளுவார்கள்.

அவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவது எச்சத்தை அல்ல, ஒரு புழுவை. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் நம் பக்கத்தில் சாதாரணமாகப் பறப்பவை. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, ஏற்காட்டு ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடிப்போய் இவை முட்டையிடுகின்றன. வெளிவரும் புழு ஐந்து பருவங்களாக வளர்கிறது. சிறு பருவங்களில் எச்ச வேடம். கடைசிப் பருவத்துக்கு வரும்போது தோலை உரித்துப் போட்டுவிட்டு இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. அதற்குள் உடல் பெருத்துவிடுகிறது. அத்தனை நீள எச்சத்தை எந்தக் குருவியும் இடாது. எச்ச வேடம் இனிப் பலிக்காத அளவுக்கு வளர்ந்ததும் இலை வேடம். இதே இனவழியைச் சேர்ந்த ஒரு வண்ணத்துப்பூச்சியை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர்கள், உடலில் இளமை ஹார்மோன் என்ற சுரப்பு குறைவதுதான் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். அடுத்து வரும் கூட்டுப்புழுவும் சும்மா இருப்பதில்லை. ஒட்டிக்கொண்ட இடத்துக்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமைகிறது.

இத்தனை வேடமும் போடுகிற புழுவுக்குத் தன் முதுகு தெரியாது. குருவியின் எச்சம் எப்படி இருக்கும் என்ற அறிவும் கிடையாது. பிறகு யார் இந்த நிறத்தைத் தீட்டியது? விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதைத் தின்ன வருகிற பறவையின் கண்.

கேட்க முரணாக இருக்கும். எதிரி எதற்காகத் தன் இரையை மறைத்துவைக்க வேண்டும்? வேண்டுமென்று செய்வதில்லை. கண்ணில் பட்ட புழுவைத் தின்கிறது. படாத புழு தப்பிக்கிறது. தப்பித்தது வண்ணத்துப்பூச்சியாகி முட்டையிடுகிறது. அடுத்த தலைமுறை முழுவதும் கண்ணில் படாத பெற்றோரின் பிள்ளைகள். பறவை மறுபடி வருகிறது, மறுபடி கழித்துக்கட்டுகிறது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். 1858-இல் டார்வினும் வாலஸும் இலண்டனில் ஒரே கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட கட்டுரைகளில் சொன்னதன் சாரமும் இதுவே.

இது நடக்க மூன்று விஷயங்கள் வேண்டும். ஒரே இனத்துக்குள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு பிள்ளைக்கு இறங்க வேண்டும். அந்த வேறுபாட்டால் பிழைப்பதிலும் பெருகுவதிலும் ஏற்றத்தாழ்வு வர வேண்டும். நம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். இளம்பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, தோலுக்குப் பெயர்போன ஆடு. தலைமுறை தலைமுறையாக எந்தக் கிடாயை மந்தையில் வைத்துக்கொள்வது, எதைச் சந்தைக்கு ஓட்டுவது என்று வளர்ப்பவர்கள் எடுத்த முடிவுகள் சேர்ந்துதான் அந்த இனம் இன்றைய வடிவத்துக்கு வந்தது. காட்டில் அந்த வேலையைப் பறவையும் பல்லியும் பஞ்சமும் நோயும் செய்கின்றன. ஆடு வளர்ப்பவருக்கு மனத்தில் ஒரு நோக்கம் இருக்கிறது, காட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒப்புமை அங்கே நின்றுவிடுகிறது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். “பூச்சி தன்னைக் காத்துக்கொள்ள நிறத்தை மாற்றிக்கொண்டது” என்று பாடப்புத்தகத் தொனியில் எழுதுவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வாக்கியத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். எந்தப் பூச்சியும் தேவையை உணர்ந்து தன் மரபணுவைத் திருத்துவதில்லை. மரபணு நகலெடுக்கப்படும்போது எழுத்துப்பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆவதில்லை, சில கெடுதல் செய்யும், ஏதோ ஒன்று முதுகில் வெள்ளைத் திட்டைக் கொஞ்சம் பெரிதாக்கும். பிழை நேர்வது குருட்டுவாக்கில். எது நீடிக்கும் என்பது மட்டும் குருட்டுவாக்கில் அல்ல.

“சின்னச் சின்ன வித்தியாசத்தால் என்ன ஆகிவிடும்?” என்று அடுத்த கேள்வி வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானே எடுத்துக்கொண்டவை. நூறு புழுக்களில் ஒன்றுக்கு மட்டும் சற்றே நல்ல வேடம் அமைந்திருக்கிறது. அதனால் பிழைக்கும் வாய்ப்பு மற்றதைவிடப் பத்து சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். அது அப்படியே பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த வகையின் பங்கு மற்றதோடு ஒப்பிட 1.1 மடங்காகும். ஐம்பதாவது தலைமுறையில் பாதிக்கு மேல் அந்த வகைதான். நூறாவது தலைமுறையில் நூற்றில் தொண்ணூற்றொன்பது. ஆண்டுக்கு ஐந்து தலைமுறை காண்கிற பூச்சி என்றால் நூறு தலைமுறைக்கு இருபதே ஆண்டு. ஒரு மாமரம் நட்டுப் பலன் பார்க்கிற காலத்தில் ஓர் இனத்தின் தோற்றமே மாறிவிடலாம். கூட்டு வட்டி தெரிந்தவர்கள் இந்தக் கணக்குக்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

உருமறைப்பு என்று பொதுவாகச் சொல்வதில் உண்மையில் இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. பின்னணியோடு கலந்துவிட்டால் எதிரிக்கு அங்கே ஏதோ இருப்பதே தெரியாது. எச்சப் புழு செய்வது அதுவல்ல. அது பட்டப்பகலில் இலையின் மேல்பக்கத்தில் பளிச்சென்று கிடக்கிறது. பறவை அதைப் பார்க்கிறது, “இது தின்கிற பொருள் அல்ல” என்று தவறாக முடிவு செய்கிறது. இரண்டாவதுக்கு எதிரியின் கண் மட்டும் போதாது, நினைவும் வேண்டும். இதை 2010-இல் பிரிட்டனில் கோழிக்குஞ்சுகளை வைத்து அழகாகச் சோதித்தார்கள். சில குஞ்சுகளுக்கு முன்கூட்டியே சாதாரணக் குச்சிகளைக் காட்டிப் பழக்கினார்கள், சிலவற்றுக்கு ஊதா நூல் சுற்றி நிறத்தை மாற்றிய குச்சிகளை. பிறகு குச்சிபோலவே இருக்கும் புழுக்களை வைத்தார்கள். குச்சியைப் பார்த்துப் பழகிய குஞ்சுகள் “இது அதுதான்” என்று வெகுநேரம் தயங்கின. குச்சியின் உண்மை நிறத்தை அறியாத குஞ்சுகள் தயங்காமல் கொத்தின. புழு இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். வேடம் பலித்தது பார்க்கிறவரின் அனுபவத்தைப் பொறுத்து.

நிறம் மட்டும் பொருந்தினால் போதாது, கிடக்கிற விதமும் பொருந்த வேண்டும். ஜப்பானில் எச்சம்போல் தோன்றும் இன்னொரு புழு உடலை வளைத்துக்கொண்டு கிடக்கும். மாவில் போலிப் புழுக்கள் செய்து மரக்கிளைகளில் வைத்துப் பார்த்தார்கள். எச்ச நிறத்தில் வளைத்து வைத்தவற்றைப் பறவைகள் குறைவாகக் கொத்தின; நேராக வைத்தவற்றை அதிகம் கொத்தின. பச்சை நிறப் போலிகளில் வளைவால் பயனே இல்லை. ஆக, வளைந்து கிடக்கும் பழக்கமும் நிறமும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

நடத்தையின் பங்கை நம் ஊர் ஏரிகளிலேயே காணலாம். கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகையிலும் தரிசிலும் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும். கூடு என்று சொல்லப் பெரிதாக எதுவும் இருக்காது, சரளைக்கல் பரப்பில் ஒரு சிறு பள்ளம். மண்நிறத்தில் கரும்புள்ளியிட்ட முட்டைகள், பொதுவாக நான்கு. கல்லோடு கல்லாகக் கிடக்கும். தாய் அதே இடத்தில் நின்று அலறினால் வேடம் வீண்தானே? அதனால் ஆள் வருவது தெரிந்ததும் சத்தமில்லாமல் விலகி நடந்து, வேறு இடத்திலிருந்து எழும்பித்தான் கூச்சல் போடும். குஞ்சுகளோ அந்தக் குரல் கேட்டதும் அசையாமல் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. ஓடியிருந்தால் காக்கை பார்த்திருக்கும். அசைவு எந்த நிறத்தையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அசையாமல் கிடக்கத் தெரியாத குஞ்சுகளின் வம்சம் எப்போதோ அற்றுப்போயிருக்கும்.

யாருடைய கண் என்ற கேள்வியை விட்டுவிட்டால் பல நிறங்கள் புரியாது. புலியை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் இன்று புலி கிடையாது, சத்தியமங்கலம் பக்கம்தான் போகவேண்டும். பசுமையான காட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வேட்டை விலங்கு எப்படி மறைந்து நிற்கிறது? நமக்கு நிறம் காட்டும் உணர்செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் காணும் வசதி அதற்கு இல்லை. மான் கண்ணுக்குப் புலியும் ஒரு பச்சைதான், கறுப்புக் கோடுகள் புல்லின் நிழல்கள். பாலூட்டிகளின் உரோமத்தில் பச்சை நிறமி உண்டாவதில்லை. மானை ஏமாற்ற ஆரஞ்சே போதும் என்னும்போது பச்சைக்குத் தேவையும் இல்லை. குரங்குகள் விஷயம் வேறு. ஏற்காடு மலைப்பாதையில் வண்டிகளை மறித்துத் தின்பண்டம் பறிக்கிற நாட்டுக் குரங்குக்கும், காட்டு மந்திக்கும் நம்மைப்போலவே மூன்று வகை உணர்செல்கள் உண்டு. மரத்தின் மேலிருந்து மந்தி எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கீழே மேயும் புள்ளிமான்கள் காது கொடுத்துக் கேட்பதில் பொருள் இருக்கிறது. பறவைகளோ இன்னும் ஒரு படி மேலே: நான்கு வகை, புற ஊதா ஒளிகூட அவற்றில் பலவற்றுக்குத் தெரியும். நம் கறிவேப்பிலைப் புழு ஏமாற்ற வேண்டியது நம்மைவிடக் கூர்மையான கண்ணை.

பின்னணியே மாறிப்போனால் என்ன ஆகும்? இதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் சான்று இங்கிலாந்தில் இருக்கிறது, சண்டை சச்சரவோடு கூடிய சான்று என்பதால் எனக்குக் கூடுதல் பிடித்தம். மிளகைத் தூவினாற்போல் வெளிர்ச் சிறகில் கரும்பொட்டுகள் கொண்ட ஓர் அந்துப்பூச்சி. அங்கே மரப்பட்டைகளில் லைக்கன் படர்ந்திருக்கும். நாம் குழம்பில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அந்த வெளிர்ப் படலத்தின்மேல் உட்கார்ந்தால் பூச்சி தெரியாது. தொழிற்புரட்சியில் நிலக்கரிப் புகை லைக்கனைக் கொன்று மரங்களைக் கறுப்பாக்கியது. 1848-இல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பான ஒரு பூச்சி பதிவானது. 1895-க்குள் அந்தப் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. பறவைகள் தின்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று டட் என்பவர் 1896-இல் எழுதினார். 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் பூச்சிகளுக்கு அடையாளமிட்டுக் காடுகளில் விட்டுப் பார்த்தார்: கரி படிந்த காட்டில் வெளிர்ப் பூச்சிகளும், தூய காட்டில் கறுப்புப் பூச்சிகளும் அதிகம் பறவைக்கு இரையாயின.

பிறகு குறைகள் கிளம்பின. பூச்சிகளை அளவுக்கு அதிகமாக ஒரே இடத்தில் விட்டார், அவை இயல்பாக அடிமரத்தில் உட்காருவதில்லை, புத்தகங்களில் வந்த படங்கள் செத்த பூச்சிகளை ஒட்டி எடுத்தவை என்றெல்லாம். பரிணாமத்தையே மறுப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பதில் சொல்ல மைக்கேல் மஜிரஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். ஆறு ஆண்டுகளில் 4,864 பூச்சிகளை விட்டு, அவை தாமே எங்கே உட்காருகின்றன, எவற்றைப் பறவைகள் எடுக்கின்றன என்று கவனித்தார். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் மரங்கள் மறுபடி வெளுத்திருந்த காலம் அது. எதிர்பார்த்தபடியே கறுப்புப் பூச்சிகள்தான் அதிகம் இரையாயின. அவர் 2009-இல் இறந்துவிட்டார். முடிவுகளை 2012-இல் மற்றவர்கள் வெளியிட்டார்கள். கறுப்பு நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றமும் 2016-இல் கண்டுபிடிக்கப்பட்டது: மரபுப்பொருளின் ஒரு துண்டு தாவிப்போய் வேறிடத்தில் செருகிக்கொண்டதுதான் அது, ஏறத்தாழ 1819-இல் நேர்ந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. புகையைப் பார்த்துப் பூச்சி கறுக்கவில்லை. கறுப்பு எப்படியோ பிறந்திருந்தது, புகை அதற்கு வாய்ப்புக் கொடுத்தது.

பின்னணி ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிற ஊர் நம்முடையது. மழையில் பச்சை, மாசி பங்குனியில் சருகு. அந்தி சாயும் நேரத்தில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து சுவரில் உட்காரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழுக்கள் புல்லையும் நெல்லையும் தின்பவை. மழைக்காலத்தில் வரும் பூச்சிக்குச் சிறகின் அடிப்பக்க ஓரத்தில் கண்போன்ற பொட்டுகள் வரிசையாக இருக்கும். பல்லியோ கும்பிடுபூச்சியோ அந்தப் பொட்டைக் குறிவைத்தால் சிறகின் ஓரம்தான் கிழியும், உடல் தப்பும். வறண்ட காலத்துப் பூச்சிக்குப் பொட்டுகள் மங்கிப்போய், சிறகு நரம்போடிய காய்ந்த சருகாக இருக்கும். புழுவாக இருந்தபோது உடல் உணர்ந்த வெப்பமும் ஈரமும் எந்த உடுப்பு என்பதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு உடுப்புக்கும் வழி ஒரே மரபணுத் தொகுப்பில் இருக்கிறது. அந்த ஏற்பாடும் தேர்வில் வந்ததே.

சருகு வேடத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது: இரண்டு பூச்சிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் கறை, ஒன்றில் கோடு. இது அலட்சியமல்ல. ஒரே மாதிரி இரையைத் திரும்பத் திரும்பக் கண்டெடுக்கும் பறவை அந்த உருவத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கிவிடும். அப்போது அதிகமாக இருக்கிற வகைக்கு ஆபத்து, அபூர்வமாக இருப்பதற்கு லாபம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாண்டும் கமிலும் நீல ஜே என்ற பறவைகளைக் கணினித் திரையின்முன் உட்காரவைத்து, திரையில் தோன்றும் பூச்சிப் படங்களைக் கொத்தவிட்டார்கள். கொத்துப்படாத படங்கள் மட்டும் அடுத்த தலைமுறைப் படங்களுக்குப் பெற்றோர். தலைமுறைகள் போகப் போகப் படங்கள் கண்டுபிடிக்கக் கடினமாகின, ஒன்றுக்கொன்று வேறுபாடும் கூடியது. 2002-இல் இது வெளியானது. பூச்சியே இல்லாமல், பறவையின் கண்ணை மட்டும் வைத்து ஒரு பரிணாமம்.

பச்சோந்தியைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். அது பின்னணியைப் பார்த்து அப்படியே நகலெடுக்கும் என்பது மிகையான நம்பிக்கை. நிறம் மாற்றுவது பெரும்பாலும் வெப்பத்துக்காகவும், இணைக்கோ போட்டியாளருக்கோ செய்தி சொல்லவும். அடிப்படைப் பச்சையும் ஆடி ஆடி நடக்கிற நடையும்தான் அதை இலைகளுக்குள் மறைக்கின்றன. அதே ஆட்டத்தை ஆடுவது பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று அதற்குப் பழி. உண்மையில் ஓணானையும் தவளையையும் தேடுகிற சாதுவான பாம்பு, கொடிபோல் தொங்கி, காற்றில் அசையும் கொடியைப்போலவே அசைந்து நகர்கிறது. அதன் நிறம் இரண்டு வேலை செய்கிறது: மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணிலிருந்தும் ஒளிகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஓணானின் கண்ணிலிருந்தும் ஒளிகிறது.

கண்ணே இல்லாத தேடலுக்கு எதிராக இந்த வேடமெல்லாம் செல்லாது. கறிவேப்பிலைப் புழுவைத் தேடிவரும் சிறு ஒட்டுண்ணிக் குளவி, கடிபட்ட இலை விடும் வாசத்தையும் புழுவின் மணத்தையும் பிடித்து வருகிறது. புழு எச்சம்போல் இருந்தால் என்ன, இலைபோல் இருந்தால் என்ன? சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவத்தில் ஓர் உறுப்பை நீட்டி, கெட்ட நாற்றம் வீசும். அது எறும்பு போன்ற சின்ன எதிரிகளுக்கான வேறு ஆயுதம், வேறு தேர்வின் விளைவு. ஓர் எதிரிக்கு எதிராக உடல் செலவழிப்பது இன்னொரு எதிரிக்குப் பயன்படாமல் போகலாம், அதனால்தான் எந்த வேடமும் முழுமையாக இருப்பதில்லை.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏற்காடு வசதியான இடம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பியும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிழல்மரமும், அதில் ஏறிய மிளகுக்கொடியுமாக இன்றைய பின்னணி மனிதன் போட்டது. பட்டைகளில் லைக்கன் திட்டுகளும் உண்டு. மரத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். தட்டையாக ஒட்டியிருக்கிற அந்துப்பூச்சி நேரில் தெரியாது, பக்கத்திலிருந்து மெல்லிய நிழல்கோடு தெரியும். இலைக்கூட்டத்தில் தேடும்போது நிறத்தை நம்பாமல் சமச்சீரைத் தேடுங்கள். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிற கறை, கறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு விஷயம் மட்டும்: சேர்வராயன் மலையில் மூங்கில் குழிவிரியனும் இருக்கிறது. நச்சுள்ள பாம்பு, இலைப்பச்சை நிறம், புதரிலும் தாழ்ந்த கிளையிலும் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கிளையை விலக்கக் கையை நீட்டாமல் ஒரு நீளக் குச்சியைப் பயன்படுத்துங்கள், அந்திக்குப் பிறகு டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம்.